ஒரு கூத்துக்கு என்ன விலை சொல்வது?

கேள்வி:

வணக்கம் மேடம். செய்யாறு பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. வயது 27. பி.காம். முடித்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பா தெருக்கூத்து வாத்தியார். அவருடைய ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், 12 பேர். போன தை மாதம் சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியின் குடும்ப விழாவுக்கு 2 மணி நேரக் கூத்து ஒன்று பேசி முடித்தேன். 35,000 ரூபாய் கொடுத்தார்கள். வேன் 12,000, சாப்பாடு 3,600, ஒப்பனைக்கும் உடுப்புக்கும் 5,000 போக மீதியை ஆளுக்கு 1,200 என்று பிரித்தோம். இரவு முழுக்க ஆடும் கூத்தைச் சுருக்க வேண்டியிருந்ததால் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தார்கள். நான் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அதே கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பிரிவிலிருந்து, “அமைப்பாகப் பதிவு செய்துகொண்டு வாருங்கள், நிதி தருகிறோம். ஆனால் எத்தனை பேர் வாழ்க்கையை மாற்றினீர்கள் என்று எண்ணிக்கை வேண்டும்” என்கிறார்கள். அடுத்த குடும்ப விழாவுக்கும் அதே 35,000க்குக் கேட்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, கூத்து சொல்லிக்கொடுக்க ஆசை இருக்கிறது. அப்பாவோ, “கூத்தைக் கூறு போட்டு விற்கிறாயா” என்கிறார். என் சேமிப்பு 1,80,000 ரூபாய். டிரஸ்ட் ஆரம்பிக்கவா, கம்பெனி ஆரம்பிக்கவா? வேலையை விட்டுவிடலாமா?

பதில்:

வணக்கம்மா. டிரஸ்ட், கம்பெனி எல்லாம் கொஞ்சம் பொறுக்கட்டும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 1,200 ரூபாய்தான். அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒத்திகை இரண்டு நாள், நிகழ்ச்சி ஒரு நாள். ஆக மூன்று நாள் வேலை. 1,200ஐ மூன்றால் வகுத்தால் நாளுக்கு 400 ரூபாய். 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அரசு வைத்த கூலி நாளுக்கு 336 ரூபாய். வருஷக்கணக்கில் கர்ணன் வேஷம் கட்டி, கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்து, தொண்டை கட்டாமல் பாடக் கற்றவருக்கு அதைவிட 64 ரூபாய்தான் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. உங்களுக்கு ஒன்றுமே இல்லை. போன் பேசியது, மெயில் அனுப்பியது, லீவு போட்டது எல்லாம் கணக்கில் வராமலே போய்விட்டன. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். உங்கள் கம்பெனிக்கு இப்படி ஒரு விலைப்பட்டியல் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 22 வருஷமாகச் சின்னக் கலைக்குழுக்களின் கணக்கைப் பார்த்து வருகிறேன். முதல் விலையைக் குறைத்துச் சொல்லாத ஒரு குழுவைக்கூட நான் பார்த்ததில்லை. கலைஞர் வீட்டுப் பிள்ளைகள் விலை சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. கேட்பவர் பெரிய கம்பெனி, ஏசி அறை, நாம் ஜமா என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சரி, அதே நிகழ்ச்சிக்கு இப்போது திரும்ப விலை போடுவோம். நிகழ்ச்சி நாளுக்கு ஆளுக்கு 2,500 வையுங்கள், 12 பேருக்கு 30,000. ஒத்திகைக்கு நாளுக்கு 800 என்றால் இரண்டு நாளுக்கு 19,200. இந்த ஒத்திகைச் செலவை ஒரே நிகழ்ச்சியின் தலையில் கட்ட வேண்டாம். ஒரு முறை சுருக்கிய கூத்தை நான்கு இடத்தில் ஆடலாம், அதனால் நிகழ்ச்சிக்கு 4,800. வேன் 12,000, சாப்பாடு 3,600, ஒப்பனை உடுப்பு 5,000. நீங்கள் செய்யும் ஏற்பாட்டு வேலைக்கு 8,000. கூட்டினால் 63,400. இதன் மேல் பத்தில் ஒரு பங்கை ஜமாவின் பொதுப் பணமாக ஒதுக்குங்கள், 6,340. உடைந்த ஆர்மோனியத்தைச் சரிசெய்யவும், யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் கொடுக்கவும் அது. மொத்தம் 69,740. நீங்கள் சொல்ல வேண்டிய விலை 70,000. பாதி விலைக்குப் போயிருக்கிறீர்கள்.

“70,000 என்றால் கூப்பிடவே மாட்டார்களே” என்று நினைப்பீர்கள். சிலர் கூப்பிட மாட்டார்கள்தான். அந்த நிகழ்ச்சிகள் போகட்டும். 35,000க்கு இரண்டு முறை ஆடுவதும் 70,000க்கு ஒரு முறை ஆடுவதும் வரவில் ஒன்றுதான். ஆனால் இரண்டு முறை ஆடினால் வேனும் சாப்பாடும் இரண்டு முறை. எட்டுப் பேர் போதும் என்ற சின்ன வடிவம் ஒன்றையும் தயார் செய்து வையுங்கள். பேரம் பேசுகிறவரிடம் ஆளையும் நேரத்தையும் குறைத்துக்கொள்ளலாம், ஆளுக்கான கூலியை மட்டும் குறைக்காதீர்கள்.

அப்பா சொன்னதற்கு வருகிறேன். அவர் வார்த்தையைத் தள்ளிவிடாதீர்கள். அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. கூத்தின் நிஜமான புரவலர் யார் என்பது அவருக்குத் தெரியும். திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவுக்கு ஊர் கூடி தலைக்கட்டு வரி போடுகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் வீழும் படுகளம், தீமிதி என்று நடத்துகிறது. வரி கொடுத்தவரும் பார்க்கலாம், பக்கத்து ஊர்க்காரரும் பார்க்கலாம், பலூன் விற்க வந்தவரும் பார்க்கலாம். டிக்கெட் கிடையாது. பார்ப்பவர்களே கலைக்குப் பணம் கொடுத்து, பார்ப்பதை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக வைத்த ஏற்பாடு இது. கலையைத் தொழிலாக நடத்துவது பற்றி நான் படித்த எந்தப் பாடத்திலும் இதைவிட உறுதியான முறையைப் பார்த்ததில்லை. இதை ஒரு கம்பெனியின் விழாவுக்காக உடைத்துவிடக் கூடாது.

அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கோயிலில் அச்சாரம் வாங்கிய தேதியில் நகரத்தில் எவ்வளவு கொடுத்தாலும் போகக் கூடாது. பங்குனி, சித்திரை தொடங்கி ஆடி வரை ஜமா ஊர்களுக்குச் சொந்தம். அதற்கு அப்புறம் வருகிற மாதங்களில்தான் வீட்டில் உலை வைப்பது சிரமம், இல்லையா? கொத்து வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறார்கள். உங்கள் தொழில் அந்த மாதங்களுக்கானது. ஆவணி முதல் தை வரை நகர நிகழ்ச்சிகளும் பள்ளிகளில் பயிற்சியும் பிடித்துக் கொடுப்பதற்குத்தான் நீங்கள் வருகிறீர்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். இதை ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தும் வாங்குங்கள். பெண் தன் கூத்தைக் கூறு போடவில்லை, அடைமழை மாதத்துக்குக் கூலி கொண்டுவருகிறாள் என்பது அவருக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

சுருக்குவதைப் பற்றியும் ஒன்று. எதை வைப்பது, எதை எடுப்பது என்று கம்பெனிக்காரரும் சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது. வாத்தியார் சொல்லட்டும். அந்த வேலைக்கு அவருக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். கூத்தைத் தொடங்கி வைக்கும் கட்டியங்காரன் வருகையையும் முகவீணை ஊதுவதையும் வெட்டிவிட்டு வெறும் கிறுகிறுவென்று சுற்றும் அடவை மட்டும் காட்டச் சொல்வார்கள், போட்டோவுக்கு அழகாக இருக்கும் என்று. அப்பா மாட்டேன் என்றால் மாட்டேன்தான். புதிதாகச் செய்வதற்கு அவர் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். புரிசைத் தம்பிரான் பரம்பரையினரும் காஞ்சிபுரத்துப் பெ. ராஜகோபாலும் புதிய கூத்துகள் ஏற்றியவர்கள். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவின் நடிகர்கள் புரிசைக்குப் போய்க் கற்றுக்கொண்டார்கள். யார் மாற்றுகிறார் என்பதுதான் எப்போதும் கேள்வி.

இப்போது அந்த சி.எஸ்.ஆர். விஷயம். சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் அவர்கள் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து பேசலாம்.

கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ இருக்கும் கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியல் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. மரபுக் கலைகளையும் கைவினைகளையும் வளர்ப்பது அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆகவே நீங்கள் இரந்து கேட்கவில்லை, அவர்கள் பட்டியலில் உள்ள ஒரு வேலையைச் செய்ய முன்வருகிறீர்கள்.

ஆனால் அந்தப் பணம் இந்த வருஷம் உங்கள் கைக்கு வராது. வெளி அமைப்புக்கு அதைக் கொடுக்க வேண்டுமானால் அந்த அமைப்பு டிரஸ்ட், சங்கம், அல்லது லாப நோக்கமில்லாத எட்டாம் பிரிவுக் கம்பெனியாக இருக்க வேண்டும். வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிவிலக்குப் பதிவுகள் வேண்டும். அதே மாதிரி வேலையை மூன்று வருஷமாவது செய்துவந்திருக்க வேண்டும். சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்திலும் பதிவு வேண்டும். நாளைக்கே டிரஸ்ட் பத்திரம் எழுதினாலும் மூன்று வருஷ அனுபவத்துக்கு எங்கே போவது? ஏற்கெனவே தகுதியுள்ள ஒரு அமைப்பின் கீழ் ஒரு திட்டமாகச் சேர்ந்துகொள்வதுதான் உங்களுக்கு இப்போது உள்ள வழி. “பதிவு செய்துகொண்டு வாருங்கள்” என்று அவர் சொன்னது நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இருக்கட்டும். அதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஊழியர் குடும்ப விழாவில் நீங்கள் ஆடிய கூத்துக்கான பணத்தை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது. தன் ஊழியர்களின் நலனுக்காகச் செய்வதை விதிகள் அதில் சேர்ப்பதில்லை. அந்தப் பணம் மனிதவளப் பிரிவின் விழா பட்ஜெட்டிலிருந்து வருகிறது. சாப்பாட்டுக்கும் மேடை அலங்காரத்துக்கும் டி.ஜே.வுக்கும் ஒதுக்கும் பணம் அது. அந்த பட்ஜெட்டில் 70,000 பெரிய தொகை அல்ல. “பின்னால் சி.எஸ்.ஆர். தருகிறோம், அதனால் இதைக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று இரண்டையும் முடிச்சுப் போட்டால், இரண்டும் வேறு வேறு பணம் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

அப்புறம், எத்தனை பேர் வாழ்க்கையை மாற்றினீர்கள் என்ற கேள்வி. இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் தென்மாவட்டப் பறையாட்டக் குழு ஒன்றுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டி, “5,000 பேர் வாழ்வில் மாற்றம்” என்று போட்டேன். நிதி கொடுத்தவர்களுக்கு மகிழ்ச்சி. மூன்று வருஷத்தில் நிதி நின்றது. சம்பளம் முழுக்க அந்த நிதியிலிருந்தே போய்க்கொண்டிருந்தது, நிகழ்ச்சி விலையை ஒரு ரூபாய்கூட ஏற்றியிருக்கவில்லை. பட்ஜெட் போட்டது நான்தான். வாங்கிய வேனை விற்றார்கள், இரண்டு பேர் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். அதில் ஒருவர் கணக்கு முடிக்க வந்தபோது, “அந்த 5,000 பேரில் நாங்க இருந்தோமா மேடம்?” என்று கேட்டார். அவர்களை நான் எண்ணவே இல்லை. அன்றிலிருந்து எந்தக் கலைக்குழு வந்தாலும் முதல் வரியில் கலைஞர்களின் கூலியை எழுதச் சொல்கிறேன். உங்கள் கூத்தால் சமூகத்துக்கு என்ன பயன் என்று யார் கேட்டாலும், முதல் பயன் அந்த 12 வீடுகளில் இருக்கிறது. அது இல்லாமல் மற்றது எதுவும் நிற்காது.

ஒரு தகவல் உங்களுக்குத் தைரியம் கொடுக்கும். சி.எஸ்.ஆர். திட்டங்களின் தாக்கத்தை வெளியாரை வைத்து மதிப்பிட வேண்டும் என்ற கட்டாயம், சராசரியாக 10 கோடி அல்லது அதற்கு மேல் சி.எஸ்.ஆர். செலவிட வேண்டிய கம்பெனிகளின், 1 கோடி அல்லது அதற்கு மேலான திட்டங்களுக்குத்தான். இரண்டு மூன்று லட்ச ரூபாய் வேலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் எண்ணிக்கை கேட்பது அவர்களுடைய வழக்கம், சட்டம் அல்ல. அதனால் எதை எண்ணுவது என்பதை நீங்கள் முடிவு செய்து சொல்லலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு நோட்டு போட்டு இவற்றை எழுதுவேன்: இந்த வருஷம் எத்தனை ராத்திரி ஆடினோம், ஆளுக்கு எவ்வளவு கூலி போனது, ஆவணியிலிருந்து தை வரை எத்தனை நாள் வேலை கொடுக்க முடிந்தது, கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டாம் வருஷமும் வந்தார்கள். கடைசியாக, எனக்கு மிக முக்கியமானது: அவர்களில் யாராவது நகரத்து மேடையில் அல்ல, சொந்த ஊர் அம்மன் கோயில் முன்னால் வேஷம் கட்டினார்களா? வாழ்க்கை மாறியதா என்பதை அந்தப் பிள்ளையோ அவள் அம்மாவோ சொன்னால் சொன்னபடியே எழுதி வையுங்கள். நீங்களாக எழுதாதீர்கள்.

பெண் பிள்ளைகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்கு உங்கள் பக்கத்திலேயே முன்னோடிகள் இருக்கிறார்கள். ராஜகோபாலும் அவர் மனைவியும் ஆய்வாளருமான ஹன்னே டி ப்ரூயினும் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கட்டைகள் என்ற மர அணிகளை வைத்துக் கூத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் கட்டைக்கூத்து. 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலம் வந்தது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் படிப்பும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். கூத்தா படிப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை அவர்களுக்கு வரவில்லை. ஆண்களே பெண் வேஷமும் கட்டிவந்த ஒரு கலையில் அங்கே பெண்கள் கிரீடம் வைத்து ஆடினார்கள். குருகுலம் 2020இல் மூடப்பட்டது. மூடியதால் தோற்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 18 வருஷத்தில் அங்கே ஆடக் கற்றவர்களின் உடம்பில் அந்தக் கலை இருக்கிறது. ஆனால் ஒரு உறைவிடப் பள்ளியை நடத்த எவ்வளவு பணமும் எத்தனை பேரின் வாழ்நாளும் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 1,80,000 ரூபாயில் அதை ஆரம்பிக்க முடியாது, ஆரம்பிக்கவும் வேண்டாம்.

உங்களால் முடிந்தது சனி, ஞாயிறு பயிற்சி. பத்துப் பிள்ளைகள் போதும். இரவில் வேண்டாம், பகலில் வையுங்கள், கோயில் மண்டபமோ பள்ளிக்கூடமோ எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில். நீங்களோ வேறொரு பெண்ணோ கூடவே இருங்கள். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சொல்லிக்கொடுப்பவருக்கு நாளுக்கு இவ்வளவு என்று பணம் கொடுங்கள், அவர் உங்கள் அப்பாவாக இருந்தாலும். காலனிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து கற்க வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பாதியில் சொன்னால் சண்டை வரும். முதல் நாளே சொன்னாலும் வரலாம். வந்தால் நான்கு பிள்ளைகள் குறைவார்கள், பரவாயில்லை. எதற்காகத் தொடங்கினீர்களோ அது கெடாமல் இருக்கும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. உங்கள் பிள்ளைகள் அதில் பங்கெடுத்தால் தலைமையாசிரியர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

இனி டிரஸ்டா கம்பெனியா. வேகமாகச் சொல்கிறேன். பொது நலன் என்ற நோக்கத்தில் அறக்கட்டளை பதிவு செய்தால், அதன் மொத்த வரவில் வியாபாரம் போன்ற வரவு 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வருஷம் வரிவிலக்கு போய்விடும். உங்கள் வரவில் பெரும்பகுதி நிகழ்ச்சிப் பணமாகத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அதனால் இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள். நிகழ்ச்சிகளுக்கு இப்போதே உங்கள் பெயரில் தனி உரிமையாளர் நிறுவனமாகத் தொடங்கி, உத்யம் என்ற சிறுதொழில் பதிவு செய்து, தனியாக ஒரு நடப்புக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். உத்யம் பதிவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். பயிற்சி வேலை ஒரு வருஷம் நின்று நடந்த பிறகு அதற்கு ஒரு சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் வேண்டும். உங்கள் ஜமாவிலேயே 12 பேர் இருக்கிறார்கள். டிரஸ்டில் பத்திரம் எழுதியவர் கை ஓங்கியிருக்கும். சங்கத்தில் முகவீணைக்காரருக்கும் ஒரு ஓட்டு. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

சேவை கொடுப்பவர்களுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. நாட்டுப்புற, செவ்வியல் கலைஞர் தரும் நிகழ்ச்சிக்கு 1,50,000 ரூபாய் வரை வரிவிலக்கும் உண்டு. ஆனால் அந்த விலக்கு கலைஞருக்கானது, விழா ஏற்பாட்டாளருக்கு அல்ல. அதனால் பில்லில் “நிகழ்ச்சி ஏற்பாடு” என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் “தெருக்கூத்து நிகழ்ச்சி” என்று எழுதுங்கள், ஏற்பாட்டுக் கட்டணத்தைத் தனி வரியாகப் போடுங்கள்.

அதே பில்லில் இன்னொரு வரி வேண்டும்: படம் பிடிப்பது பற்றி. போன தடவை அவர்கள் முழுக் கூத்தையும் படம் பிடித்திருப்பார்கள், நீங்களும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957இல் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று இருக்கிறது. நிகழ்த்துநர் யார் என்று சொல்லும் இடத்தில் நடிகர், பாடகர், ஆடுபவர் என்று வரிசை போய்ப் பாம்பாட்டி வரை பெயர் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும். தெருவில் வித்தை காட்டுகிறவருக்கும் தன் வித்தை மேல் உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். அந்த உரிமை 50 வருஷம் இருக்கும். ஆகவே “நினைவுக்காக 5 நிமிடம் பதிவு செய்யலாம், முழுப் பதிவுக்கும் நேரலைக்கும் தனிக் கட்டணம், முன் அனுமதி” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பில்லில் சேருங்கள்.

மானியங்களை நான் வெறுக்கவில்லை. தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையம் குரு சிஷ்ய முறையில் கற்பிக்க உதவுகிறது. பெங்களூரில் 1993இல் தொடங்கிய இந்தியக் கலைகள் அறக்கட்டளை, கலை ஆய்வுக்கும் கலைக் கல்விக்கும் நல்கை தருகிறது. இரண்டு மூன்று வருஷம் கழித்து அப்பாவின் பாடங்களைத் தொகுக்க அங்கே விண்ணப்பிக்கலாம். வள்ளத்தோள் 1930இல் கேரள கலாமண்டலத்தைத் தொடங்க லாட்டரி நடத்திப் பணம் சேர்த்தார். கதகளிக்காக ஒரு பெரிய கவிஞர் சீட்டு விற்றிருக்கிறார், அதில் அவருக்குக் கூச்சமில்லை. ஆனால் அப்படி ஒரு முறை திரட்டும் பணம் மாதா மாதம் சம்பளம் தராது. தொடங்கிய பிறகும் அவர் குழுவை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். உங்களுக்கும் அதே வரிசைதான். மானியம் வந்தால் பயிற்சிக்கும், புதுக் கட்டைகள் செய்யவும், பாட்டுகளைப் பதிவு செய்து வைக்கவும் செலவிடுங்கள். தினக்கூலியை மட்டும் அதில் கட்டி வைக்காதீர்கள்.

வேலையை இப்போது விட வேண்டாம். உங்கள் சம்பளம்தான் இந்த முயற்சிக்குக் கிடைத்திருக்கும் மலிவான முதலீடு. 70,000 விலையில் ஒரு வருஷத்தில் பத்து நிகழ்ச்சி முடித்தால் ஏற்பாட்டுக் கட்டணமாக உங்களுக்கு 80,000 வரும். அது உங்கள் சம்பளத்துக்கு ஈடாகாது. இருபத்தைந்து, முப்பது நிகழ்ச்சியும் சில பள்ளிப் பயிற்சிகளும் என்று ஆனபிறகு வேலையை விடுவது பற்றி யோசிக்கலாம். சேமிப்பில் 60,000க்கு மேல் தொடாதீர்கள். அந்த 60,000ம் நல்ல புகைப்படம், ஒரு சின்ன வீடியோ, உடுப்புப் பழுது, பிள்ளைகளுக்கான முதல் ஆறு மாத ஆசிரியர் கூலி இவற்றுக்குத்தான். வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தாலும் மீதிப் பணம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

கம்பெனிக்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள். குடும்ப விழாவுக்கு விலை 70,000, பாதி முன்பணம், தேதி ஆடிக்குப் பிறகு. சி.எஸ்.ஆர். பற்றி, தகுதியுள்ள அமைப்போடு சேர்ந்து பயிற்சித் திட்டம் ஒன்றைத் தை மாதத்தில் தருகிறேன் என்று ஒரு வரி. நீளமாக நன்றி சொல்ல வேண்டாம்.

அதற்கு முன் ஜமாவில் எல்லோரிடமும் பான் அட்டையும் வங்கிக் கணக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். கலைஞர் கணக்குக்கே கம்பெனி நேராகப் பணம் போட்டு வரி பிடித்தம் செய்யும்போது பான் இல்லையென்றால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள், வயதானவர்களுக்கு அது திரும்பி வரவே வராது. அப்படியே நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் யார் யார் பதிவு செய்யவில்லை என்றும் கேளுங்கள். பிள்ளைகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் விபத்துக்கும் அங்கே உதவி உண்டு, பலர் படிவம் நிரப்பத் தெரியாமலே விட்டிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருடைய ஆதாரையும் போட்டோவையும் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். முகவீணைக்காரரிலிருந்து தொடங்குங்கள்.